க்ரூனாவுக்காக இழுத்த மின்கம்பி

பாவுன் த்ரைலோவிச் எங்கள் ராஷ்னா ஊரின் லைன்மேன். முப்பத்துநான்கு வருஷம் கம்பம் ஏறினார். ஏறும்போது மின்வாரியத்தைத் திட்டுவார், இறங்கும்போது பாடுவார். பாட்டைவிடத் திட்டில்தான் சுருதி சுத்தமாக இருக்கும் என்பது ஊரின் பொதுக் கருத்து. அவரைப் பிடிக்காதவர்கள் மூன்றே பேர். மூவருமே மீட்டர் ஓடாமலிருக்க அதன்மேல் காந்தம் வைத்து அவரிடம் மாட்டியவர்கள்.

அவர் மனைவி க்ரூனாவுக்கு இருட்டு ஆகாது. சின்ன வயதில் ஒரு குளிர்காலம் முழுக்க அவளைச் சோளக் கிடங்கில் படுக்க வைத்தார்களாம். எலி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே கிடந்தவள், பெரியவளான பிறகு எரியும் விளக்கை அணைக்கவே விட்டதில்லை.

"ஊருக்கே கரண்ட் குடுக்குறவன் வீட்ல ஒரு பல்பு எரியக் கூடாதா?" என்பாள்.

"எரியட்டும்டி. என் மூஞ்சிக்கு நேராத்தான் எரியணுமா?"

"உன் மூஞ்சி தெரிஞ்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

இந்தச் சண்டை இருபத்தொன்பது வருஷம் நடந்தது. யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் பல்புதான் என்று சொல்ல வேண்டும்.

க்ரூனா செத்தது மாவட்ட ஆஸ்பத்திரியில், பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பகல் மூன்று மணிக்கு. நுரையீரல். மூக்கில் ஆக்சிஜன் குழாய். பாவுன் கோட்டுப் பையில் தேன்மெழுகு வத்தி ஒன்றைக் காலையிலிருந்தே வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் உயிர் போகும்போது கையில் எரியும் மெழுகுவத்தி இருக்க வேண்டும். இல்லாமல் போனவர்கள் அந்தப் பக்கத்தில் இருட்டிலேயே நடப்பார்கள். இதை நம்பாதவர்களும் மேசை இழுப்பறையில் ஒரு வத்தி வாங்கி வைத்திருப்பார்கள்.

தீப்பெட்டியை எடுத்தபோது நர்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, ஆக்சிஜன் ஓடுது. ஒரு பொறி பட்டா வார்டே போயிடும்."

வேறு யாராவது இருந்தால் சண்டை போட்டிருப்பார்கள். பாவுன் பொறியைப் பற்றித் தெரிந்தவர். வார்டில் இருந்த மற்ற ஐந்து கட்டில்களையும் ஒரு முறை பார்த்தார். தீப்பெட்டியை உள்ளே வைத்தார். க்ரூனா வெறுங்கையோடு போனாள்.

அவளைப் பிஸ்கு குன்றில் வைத்தோம். ஆறு வளைந்து ஓடும் இடத்தில் மூன்று பக்கமும் தண்ணீர் தெரிய நிற்கிற குன்று. அங்கேதான் எங்கள் ஊர்க் கல்லறைகள் இருக்கின்றன. எங்கள் ஊரில் செத்தவர்களைக் குழியில் விட்டுவிட்டு வந்துவிட மாட்டோம். மேலே வீடு கட்டுவோம். ஓட்டுக் கூரை, கதவு, ஜன்னல், திரைச்சீலை, உள்ளே மேசை, இரண்டு நாற்காலி, அலமாரியில் காப்பிக் கோப்பை. நினைவுச் சனிக்கிழமைகளில் வேகவைத்த கோதுமை, அவரை, பிளம் சாராயம் எல்லாம் கொண்டுபோய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவோம். பாவுன் கட்டின வீட்டில் கல்லறைக் கல் இரட்டைக் கல். ஒரு பாதியில் க்ரூனாவின் படம். மறு பாதியில் கோட்டு போட்ட பாவுனின் படம், பிறந்த வருஷம், ஒரு கோடு. கோட்டுக்குப் பின்னால் காலியிடம். உயிரோடு இருக்கும்போதே கல் செய்துவிடுவது எங்கள் வழக்கம். எங்கள் பெரியப்பா ஒருவர் அவசரப்பட்டு "19" என்றுகூடச் செதுக்கி வைத்துவிட்டு இரண்டாயிரத்துப் பதினொன்று வரை இருந்தார். சாகும்வரை அதற்காக வருத்தப்பட்டார்.

ஆறு மாதம் பாவுன் பாடவில்லை. ஆகஸ்டில் ஒரு நாள் குன்றின் அடிவாரத்துப் பம்ப்செட் டிரான்ஸ்பார்மரிலிருந்து நான்கு கம்பம் நட்டு, மேலே ஒரு கம்பி இழுத்தார். க்ரூனா வீட்டு வாசலில் மீட்டர். உள்ளே மேசைக்கு மேல் நாற்பது வாட் பல்பு.

சும்மா கொக்கி போட்டுக் கொடுத்திருக்கலாம். ஒரு ஊர் லைன்மேனுக்கு அது ஒரு வேலையா? ஆனால் முப்பது வருஷம் திருட்டு மின்சாரத்தைப் பிடித்தவர் தன் மனைவிக்குத் திருடிக் கொடுப்பாரா? முறையாக மனு எழுதினார். 'வீட்டுக்காரர் பெயர்' என்ற இடத்தில் க்ரூனா த்ரைலோவிச் என்று போட்டார். வீடு அவளுடையதுதானே? 'குடியிருப்பு' என்ற இடத்தில் 'நிரந்தரம்' என்று எழுதினார். அந்த மனுவில் அதைவிட உண்மையான வார்த்தை வேறு இல்லை. களத்தில் போய்ப் பார்த்துச் சான்று தர வேண்டியவர் அந்தப் பகுதி லைன்மேன். அவரே போய்ப் பார்த்தார், அவரே சான்று கொடுத்தார்.

சுவிட்ச் மட்டும் வைக்கவில்லை. அணைக்க வேண்டிய தேவை யாருக்கு இருந்தது?

மறுவாரம் ஊர்க் கிழவி ஸ்தோயங்கா பாவுன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். எழுபத்தாறு வயது, குரலுக்கு இருபது.

"ஏண்டா பாவுன், உன் பொண்டாட்டிக்கு மட்டுந்தான் கண்ணு தெரியணுமா? என் புருஷன் இருட்டுல முட்டிக்கிட்டுக் கெடக்கட்டுமா?"

"உன் புருஷன் உயிரோட இருக்கும்போதே முட்டிக்கிட்டுத்தானே அக்கா கெடந்தாரு?"

"அது சாராயம்டா. இப்பத் தெளிஞ்சிருப்பான். கம்பி இழு."

இழுத்தார். அப்புறம் பக்கத்து வீடு, அதற்குப் பக்கத்து வீடு. ஒன்றரை வருஷத்தில் நாற்பத்தொரு இணைப்பு. எல்லாம் முறையாக, எல்லாம் செத்தவர்கள் பெயரில். சாயங்காலம் நெடுஞ்சாலையில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் குன்றில் நாற்பத்தொரு ஜன்னல் மஞ்சளாகத் தெரியும். அது எந்த ஊர் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். "மேல் ராஷ்னா. அமைதியான ஜனங்க" என்பார் டிரைவர்.

பாவுன் மறுபடியும் பாட ஆரம்பித்தார்.

இந்த இடத்தில் தலைவர் வருகிறார்.

எங்கள் தலைவர் அரசியலுக்கு வருமுன் அடுக்குமாடி கட்டி விற்றவர். விற்றுவிட்டுக் கட்டியவர் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆட்சிக்கு வந்ததும் வெளிநாட்டுத் தூதரகங்களில் தலைநரைத்துக் கிடந்தவர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தன் பழைய விற்பனை ஆட்களை அங்கே உட்கார வைத்தார். நூறு வருஷ எல்லைப் பகைக்கு 'வில்லங்கம்' என்று பெயர் வைத்தார். சமாதான ஒப்பந்தம் என்றால் 'கிரயம்'. பேச்சுவார்த்தைக்கு வருகிற நாட்டிடம் கைகுலுக்கும்போதே அவர் கண் அவர்களுடைய வரைபடத்தில் மூலை மனையைத் தேடும். தொலைக்காட்சியில் அவர் பேசினால் எங்களுக்கு வாய் திறந்தபடியே இருக்கும். பொய் சொல்வானேன், பிடித்தும் இருந்தது.

"என் ஜனங்களே, உலகத்துல ரெண்டே வகை நாடுதான். ரோட்டு மேல இருக்குற நாடு, சந்துக்குள்ள இருக்குற நாடு. உங்க தாத்தன் முப்பாட்டன்லாம் இந்தச் சந்துக்காகத்தான் அடிச்சுக்கிட்டுச் செத்தாங்க. நான் ஒரு குண்டு போட மாட்டேன். ஒரு கையெழுத்து போடுவேன். உங்களை ரோட்டுக்குக் கொண்டு வந்துருவேன்."

ராஷ்னாவில் கைதட்டினோம். பாவுனும் தட்டினார். அவருடைய அப்பா அந்தச் சந்துக்காகத்தான் ஒரு காலை விட்டுவிட்டு வந்தவர்.

ரோடு என்று தலைவர் சொன்னது ஆற்றுக்கு அக்கரையில், அடுத்த நாட்டின் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு நீளத் துண்டு நிலம். அதற்குப் பதிலாக அக்கரை நாட்டுத் தலைவர் கேட்டது ஆற்றைப் பார்த்தாற்போல ஏதாவது ஒரு மேடு. ஹோட்டல் கட்ட. பிஸ்கு குன்றைக் காட்டினார்களாம். அவர் உதட்டைப் பிதுக்கினாராம். கரட்டு மேடு, ஆள் இல்லை, கரண்ட் இல்லை, எல்லாம் புதிதாகப் போட வேண்டும். எங்கள் தலைவரா விடுவார்? மின்வாரியத்திலிருந்து ஒரு தாள் வரவழைத்தார். பிஸ்கு குன்று: வீட்டு இணைப்பு நாற்பத்தொன்று, குடியிருப்பு நிரந்தரம், ஒரு புகார்கூடக் கிடையாது.

கரட்டு மேடு அன்றைக்கே வசதிகள் நிறைந்த மனை ஆகிவிட்டது.

இதெல்லாம் நடந்தது எங்களுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், செப்டம்பரில் ஒரு சாயங்காலம் தலைநகரத்திலிருந்து படம் எடுக்கிறவர்கள் வேனில் வந்து இறங்கியதுதான். அதில் குடுமி வைத்த ஒருவன் பாவுனைத் தேடி வந்தான்.

"அண்ணே, நீங்கதான் இங்க கரண்டுக்காரராமே. இந்த மலையில எல்லா ஜன்னலும் எரியணும் அண்ணே. ஒண்ணுகூட மிஸ் ஆகக் கூடாது."

"எதுக்குப்பா படம்?"

"ஊருக்கு நல்லது அண்ணே. வெளிநாட்டுக்காரங்க பாக்கப் போறாங்க."

பாவுன் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு குன்றுக்கு ஏறினார். பீஸ் போயிருந்த இரண்டு பல்புகளுக்குப் பதிலாகத் தன் கைக்காசில் புதிது வாங்கி மாட்டினார். ஸ்தோயங்காவின் வீட்டுக்காரர் ஜன்னலில் திரைச்சீலை கோணலாக இருந்தது, அதையும் நேராக்கினார். வெளிச்சம் மங்கும் நேரத்தில் அவர்கள் படம் எடுத்தார்கள். குடுமிக்காரன் படத்தைக் கேமராவில் காட்டினானாம். "மேல் வரிசையில இடமிருந்து மூணாவது எங்க வீடு" என்று பாவுன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அக்டோபரில் கடிதங்கள் வந்தன. நாற்பத்தொரு பேருக்கும் தனித்தனியாக, பதிவுத் தபாலில். 'தாங்கள் குடியிருக்கும் பகுதி அண்டை நாட்டுக்கு மாற்றித் தரப்பட உள்ளது. ஆட்சேபணை இருந்தால் முப்பது நாட்களுக்குள் இணைப்புதாரர் நேரில் வந்து தெரிவிக்கவும்.' எங்கள் தபால்காரர் விலாசத்தை மதிக்கிறவர். நாற்பத்தொன்றையும் சுமந்துகொண்டு குன்றேறி, வீடு வீடாக மேசைமேல் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க மேலே காப்பிக் கோப்பையைக் கவிழ்த்துவிட்டு வந்தார்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாய்யா?" என்று பிறகு எல்லோரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"உங்க பேருக்கு வரலையே. அடுத்தவங்க தபாலப் பத்தி நான் பேசலாமா?" என்றார்.

நவம்பர் நினைவுச் சனிக்கிழமையன்று கோதுமைக் கிண்ணத்தோடு போன பாவுன்தான் முதலில் கோப்பையைத் தூக்கினார். முப்பது நாளில் ஐந்து நாள் மிச்சம் இருந்தது.

திங்கட்கிழமை மாவட்ட அலுவலகம் போனார். அங்கே தெஸான்கா என்று ஒரு பெண். நல்லவள் என்று நான் விசாரித்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

"க்ரூனா த்ரைலோவிச் நீங்களா?"

"என் மீசையப் பாத்தா தெரியலையாம்மா?"

"இணைப்பு யார் பேர்ல இருக்கோ அவங்கதான் ஆட்சேபணை குடுக்கணும் ஐயா. அவங்களக் கூட்டிட்டு வாங்க."

"அவ வர மாட்டாம்மா."

"நடக்க முடியலையா? வீட்டுக்கே ஆள் அனுப்பறோம்."

"வீட்டுக்குத்தான் தபால் அனுப்பினீங்க. அவ செத்து ஆறு வருஷம் ஆகுது."

தெஸான்கா தாள்களைப் புரட்டினாள். "இணைப்பு குடுத்து அஞ்சு வருஷம் சொச்சந்தானே ஆகுது?"

"ஆமா."

"செத்தவங்களுக்கு இணைப்பு குடுத்தது யாரு?"

"நான்தான்."

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மெதுவாப் பேசுங்க ஐயா. நான் சொல்றத நல்லாக் கேளுங்க. அவங்கள்லாம் உயிரோட இருக்காங்கன்னா, முப்பது நாள்ல யாரும் வந்து ஆட்சேபணை சொல்லல, குன்னு கைமாறிடும். செத்துட்டாங்கன்னு நீங்க எழுதிக் குடுத்தா, அந்த இணைப்பு செல்லாது. வெட்டணும். உங்க வீட்டுது மட்டுமில்ல, நாப்பத்தொண்ணும்."

"எழுதிக் குடுத்தா குன்னு தப்புமா?"

"தப்பலாம். கல்லறைன்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்? ஆனா நான் சத்தியம் பண்ண முடியாது."

"குன்னு போனா அந்தப் பல்பு?"

"அன்னிக்கும் வெட்டிடுவாங்க ஐயா. காலி மனையாக் குடுக்குறதாத்தான் பேச்சு."

பாவுன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார், மறுபடி கழற்றினார். "அவளுக்கு இருட்டுன்னா ஆகாதும்மா" என்றார். தெஸான்கா தன் முன்னால் இருந்த முத்திரையை இடம் மாற்றி வைத்தாள். வேறென்ன செய்வாள்?

மறுநாள் மத்தியானம் ஊர்ச் சாராயக் கடையில் நாற்பத்தொரு குடும்பமும் கூடியது. பாவுன் விஷயத்தைச் சொன்னார். எழுதிக் கொடுத்தால் இன்றைக்கே எல்லார் வீட்டு விளக்கும் போய்விடும், ஆனால் குன்று பிழைக்கலாம். எழுதாவிட்டால் குன்றும் போகும், விளக்கும் போகும், கொஞ்ச நாள் கழித்து.

"தலைவர் நம்ம ஆளுய்யா. அவருக்கு ஒரு வார்த்தை எழுதிப் பாக்கலாமே?" என்றார் கடைக்காரர்.

"எழுதேன். உன் கடையையும் சேத்து வித்துருவாரு" என்றார் தபால்காரர். எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரர் சுவரில் மாட்டியிருந்த தலைவர் படத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

ஸ்தோயங்காதான் முடித்து வைத்தாள்.

"எழுதுடா பாவுன். பல்பு போனா மெழுகுவத்தி ஏத்திக்கலாம். குன்னு போனா எங்க போய் ஏத்துறது?"

பாவுன் உட்கார்ந்து எழுதினார். மூன்று வரி. 'பிஸ்கு குன்றில் உள்ள நாற்பத்தொரு வீடுகளிலும் இருப்பவர்கள் இறந்தவர்கள். அது தெரிந்தே நான் இணைப்பு கொடுத்தேன். அது எங்கள் கல்லறை, விற்க வேண்டாம்.' முப்பது வருஷம் மற்றவர்களின் திருட்டைத் தாளில் எழுதினவர், தன்னுடையதையும் அதே சீரான கையெழுத்தில் எழுதினார். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது தெஸான்கா கையில் கொடுத்தார்.

இரண்டு பதில் வந்தது, இரண்டு பிரிவிலிருந்து, ஒரே நாளில்.

முதல் பதில்: 'தாங்கள் இணைப்புதாரர் அல்லர். தங்கள் ஆட்சேபணை ஏற்கப்படவில்லை. இணைப்புதாரர்கள் நாற்பத்தொருவரிடமிருந்தும் ஆட்சேபணை ஏதும் வரவில்லை.'

இரண்டாவது பதில்: 'தாங்களே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டபடி இணைப்புதாரர்கள் நாற்பத்தொருவரும் இறந்துவிட்டதால், இணைப்புகளை ஏழு நாட்களுக்குள் துண்டிக்கவும். பணியைச் செய்ய வேண்டியவர்: அந்தப் பகுதி லைன்மேன், பா. த்ரைலோவிச்.'

ஒரு பிரிவுக்கு அவர்கள் உயிரோடு இருந்தார்கள், இன்னொரு பிரிவுக்குச் செத்திருந்தார்கள். இரண்டு பிரிவும் ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில் இருக்கின்றன. நான் போய்ப் பார்த்தேன். நடுவில் ஒரு காப்பி இயந்திரம்.

லீவு போடச் சொன்னோம். வேறு லைன்மேன் வந்து வெட்டட்டும் என்றோம்.

"அவன் யாரோ எவனோ. பூட்ஸ் காலோட உள்ள போவான்" என்றார் பாவுன்.

ஆறு நாள் போகவில்லை. ஏழாம் நாள், வெயில் அடித்த காலையில், இடுக்கியை எடுத்துக்கொண்டு ஏறினார். அவர் மகள் ஜிவானா பேக்கரி வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடவே போனாள். அவள்தான் எனக்குச் சொன்னது. ஒவ்வொரு வீட்டிலும் கதவைத் தட்டினாராம். உள்ளே போய், சுவிட்சை அணைத்து, பல்பைக் கழற்றி, துணியில் துடைத்து, அலமாரியில் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அப்புறம்தான் வெளியே வந்து கம்பியை வெட்டினாராம். நாற்பது வீடு முடிய மத்தியானம் தாண்டிவிட்டது.

க்ரூனா வீட்டில் சுவிட்ச் இல்லை. எரிகிற பல்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே கம்பத்தில் ஏறினார். ஏறும்போது திட்டவில்லை.

"நீ உள்ள போய் நில்லு" என்றாராம் மகளிடம். "அவ தனியா இருக்க வேணாம்."

ஜிவானா உள்ளே போய் அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்றாள். பகல் வெளிச்சத்தில் பல்பு அணைந்தது பெரிதாகத் தெரியவில்லை என்றாள். வெளியே கம்பத்திலிருந்து அப்பா கீழே இறங்க வெகு நேரம் ஆயிற்றாம்.

கைமாற்றும் விழா ஏப்ரலில். இரண்டு தலைவர்களும் ஹெலிகாப்டரில் வந்தார்கள். எங்கள் தலைவர் ஒரு முழ நீளத்துக்குத் தங்க முலாம் பூசிய சாவி ஒன்றைக் கொடுத்தார். எந்தக் கதவுக்கு என்று யாரும் கேட்கவில்லை. பேண்டு வாசித்தார்கள். "ஒரு துளி ரத்தம் சிந்தாம முடிச்சிருக்கோம்" என்றார் தலைவர். அது உண்மைதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். விழா முடிந்ததும் குன்றின் அடிவாரத்தில் கம்பிவேலி போட்டார்கள். அதன்பின் குன்றுக்குப் போக பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும், மாவட்டத் தலைநகர் தாண்டி நாற்பது கிலோமீட்டர் போய் பாலத்தில் ஏறி அந்தப் பக்கமாகச் சுற்றி, படகில் வர வேண்டும். வந்தாலும் ஹோட்டல் கட்டுமான இடம், உள்ளே யாருக்கும் அனுமதி இல்லை என்று ஒரு பலகை.

ஹோட்டல் கட்டினார்களா என்றால், ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. அக்கரைத் தலைவர் அந்த மனையை இன்னும் நல்ல விலைக்கு வேறு யாருக்கோ பேசிக்கொண்டிருக்கிறார் என்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்த ரோட்டோரத் துண்டில் புல் முளைத்திருக்கிறது.

பாவுன் அந்த வருஷமே வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். சாயங்காலமானால் வேலி ஓரம் போய் நிற்பார். அங்கிருந்து க்ரூனாவின் வீட்டுக் கூரை தெரியும். ஒரு நாள் பெரிய டார்ச் ஒன்றை எடுத்துப்போய் மேலே அடித்தார். அக்கரைக் காவலர்கள் உடனே ஓடிவந்து கத்தினார்கள். எங்கள் பக்கத்துக் காவலர்கள் அவரையும் டார்ச்சையும் பிடித்துக்கொண்டு வந்து ஊரில் விட்டார்கள், டார்ச்சை மட்டும் திருப்பித் தரவில்லை.

அடுத்த இலையுதிர் காலத்தில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை என்றார் டாக்டர். அறுவை சிகிச்சை செய்தால் பத்து வருஷம் தாராளமாக இருக்கலாம் என்றார்.

"ஆஸ்பத்திரில மெழுகுவத்தி ஏத்த விடுவாங்களா?" என்று கேட்டார் பாவுன்.

ஜிவானா அழுதுகொண்டே கத்தினாள். "அப்பா, அங்க போனா சாகவே வேண்டியதில்லைப்பா!"

"அப்படித்தான் உங்கம்மாவையும் கூட்டிட்டுப் போனோம்."

"அது நுரையீரல். இது வேற."

"வேறதான். ஒருவேளை அங்கயே போயிட்டா? ரெண்டு பேரும் இருட்டுல ஒருத்தர ஒருத்தர் எப்படித் தேடறது? சொல்லு, நீ பேக்கரில ஆயிரம் பேரப் பாக்குற, புத்திசாலி. சொல்லு."

அவள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். நானும் போய்ப் பேசினேன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு நம்பிக்கையா என்று ஒரு பத்து நிமிஷம் பேசினேன். பொறுமையாகக் கேட்டார்.

"உன் மேசை இழுப்பறையில என்ன வெச்சிருக்க?" என்றார்.

நான் கிளம்பி வந்துவிட்டேன்.

டிசம்பரில், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் போனார். சொந்தக் கட்டிலில், ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லி. ஜிவானா மெழுகுவத்தியைப் பற்ற வைத்து வலது கையில் பிடித்துக் கொடுத்தாள். அவர் இடது கையையும் நீட்டினார்.

"ரெண்டு எதுக்குப்பா?"

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு அவளுக்குக் கொண்டு போகணுமில்ல."

இரண்டையும் அவர் விரல்களைச் சுற்றித் தன் விரல்களை மூடி அவள் பிடித்துக்கொண்டாள். மெழுகு இருவர் கையிலும் வழிந்தது. அவள் இடது மணிக்கட்டில் இன்னும் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது.

குன்றுக்குக் கொண்டுபோக மனு போட்டோம். அந்தப் பக்கத்திலிருந்து மரியாதையாகவே பதில் வந்தது. அவர்கள் வரைபடத்தில் அந்த இடத்தில் கல்லறை எதுவும் இல்லையாம், குடியிருப்புப் பகுதியில் புதைக்கச் சட்டம் இடம் தராதாம். வேலிக்கு இந்தப் பக்கம், பம்ப்செட் பக்கத்தில் ஒரு துண்டு நிலத்தை ஊரார் புதுக் கல்லறைக்கு ஒதுக்கினார்கள். அங்கே முதல் ஆள் பாவுன். பக்கத்தில் யாரும் இல்லை. மேலே குன்றில் இருக்கிற இரட்டைக் கல்லில் அவர் படம் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறது. பிறந்த வருஷம், கோடு, காலியிடம். அதை எழுதி முடிக்க யாரையும் உள்ளே விட மாட்டார்கள்.

போன மாதம் ஜிவானா வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறைச் சுவரில், அப்பா படத்துக்குப் பக்கத்தில், பளபளப்பான ஒரு தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். மாவட்ட அலுவலகத்தில் எஞ்சிக் கிடந்த விளம்பரப் புத்தகத்திலிருந்து தெஸான்கா கிழித்துக் கொடுத்தாளாம். அந்தி நேரத்து பிஸ்கு குன்று. சுற்றிலும் ஆறு. நாற்பத்தொரு ஜன்னலும் மஞ்சளாக எரிகின்றன. கீழே பெரிய எழுத்தில், 'ஆற்றங்கரை வீடுகள். அமைதியான அக்கம்பக்கம். உடனே குடியேறலாம்.'

மேல் வரிசையில் இடமிருந்து மூன்றாவது ஜன்னலைத் தேடிப் பார்த்தேன். மற்றவற்றைவிடச் சற்று மங்கல். நாற்பது வாட்தானே.

அப்பா படத்துக்கு முன்னால் மட்டும் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு ஒன்று வைக்கவில்லையா என்று கேட்டேன்.

ஜிவானா காப்பியை என் முன்னால் வைத்துவிட்டு, அந்தத் தாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு எதுக்கு?" என்றாள். "அதுலதான் எரியுதே."